மயிலாப்பூர்த் தெருக்களில் ஒரு கடற்பறவை

கடற்பறவை சாலை வழியாகப் போகாது. அதிலும் ஃபிரிகேட் பறவை போகவே போகாது. இறக்கையை விரித்தால் ஆள் உயரத்தைத் தாண்டும். கால்களோ கோழிக்குஞ்சின் கால்கள் மாதிரி இருக்கும். அதற்கு நடக்கத் தெரியாது, நீந்தத் தெரியாது. தண்ணீரில் உட்கார்ந்தால் இறகு நனைந்து மூழ்கிவிடும். வாரக்கணக்கில் காற்றிலேயே மிதந்து, தூக்கத்தையும் அங்கேயே முடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒன்று சென்னையில் மந்தைவெளியிலிருந்து தியாகராய நகருக்கு, சிக்னல்களில் நின்று நின்று போய்க்கொண்டிருந்ததை, கோலாலம்பூரில் என் மேசையில் உட்கார்ந்தபடி நான்கு நாட்கள் பார்த்தேன்.

நான் பார்த்தது பறவையை அல்ல, புள்ளியை. இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் மட்டுமே கூடு கட்டும் ஒருவகை ஃபிரிகேட் பறவை இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் அது முட்டையிடுவதில்லை. அந்தத் தீவின் காடு குறைந்தால் அந்த இனமும் குறையும். குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் எந்தக் கடலுக்குப் போகின்றன, எங்கே சாகின்றன என்பது சரியாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்கள் திட்டம். சில குஞ்சுகளின் முதுகில் தீப்பெட்டி அளவுள்ள கருவியை வார் போட்டுக் கட்டியிருந்தோம். வெயில் பட்டால் அது தன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் போடுவது என் வேலை. ஒவ்வொரு கருவியாக அடங்கிப்போய், கடைசியில் ஒன்றே ஒன்றுதான் பேசிக்கொண்டிருந்தது. வங்கக் கடலில் புயல் வந்த வாரம் அது சென்னைக் கரைக்கு வந்தது. மூன்று நாள் சாந்தோமில் அசையாமல் கிடந்தது. பிறகு ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"உனக்குத் தமிழ் தெரியும், நீ போ" என்றார் எங்கள் திட்டத் தலைவர் ஹாலிம்.

தமிழ் தெரிந்தது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. தீவுக்கு நான் ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். அப்போது இந்தக் குஞ்சுக்கு வாரைத் தைத்துக் கட்டியது நான்தான். வாரின் நான்கு முனையும் நெஞ்சில் சேரும் இடத்தில் பருத்தி நூலால் ஒற்றை இழைத் தையல் போட வேண்டும். எதிலாவது வார் சிக்கினால் அந்த நூல் அறுந்து பறவை தப்பிக்கும். அவ்வளவு விலையுள்ள கருவி கடலில் விழுந்துவிடுமே என்று பயந்து, யாரும் பார்க்காதபோது நான் இரட்டை இழை போட்டுவிட்டேன். குஞ்சு வளரும் என்பதால் விரல் நுழையும் அளவுக்கு வாரையும் தளர்வாக விட்டிருந்தேன்.

மயிலாப்பூரில் ஒரு விடுதியில் தங்கினேன். முதல் நாள் காலை கீழே இருந்த உணவுக்கடையில், "இங்கே பசியாறலாமா?" என்று கேட்டேன். என் ஊரான கிள்ளானில் எல்லோரும் கேட்கும் கேள்வி. பரிமாறுபவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டிபனா? உக்காருங்க." பொங்கல் வந்தது. எங்கள் ஊரில் பொங்கல் என்றால் பண்டிகை. இங்கே அது செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு. நெய்யும் மிளகுமாகச் சாப்பிட்டு முடித்தபோது, வந்த வேலையே ஒரு நிமிடம் மறந்துபோனது.

சாந்தோம் கரைக்கு ஆட்டோவில் போனேன். கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகுகளின் மேல் வலைகள் காய்ந்தன. புயல் கொண்டுவந்து போட்ட குப்பை இன்னும் கரையோரம் கிடந்தது. மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா வோணும்? சங்கரா கீது, வவ்வா கீது" என்றார். கைப்பேசியில் பறவையின் படத்தைக் காட்டினேன். உடல் கறுப்பு, வயிறு வெள்ளை, தலை செம்பட்டை, நுனி வளைந்த அலகு.

"அய்ய, இத்த யாரு துன்றது?"

சாப்பிட இல்லை, தேடி வந்திருக்கிறேன் என்றேன். வலை தைத்துக்கொண்டிருந்த ஆண்கள் நாலைந்து பேர் கூடினார்கள். பருந்து என்றார் ஒருவர், கூழைக்கடா என்றார் மற்றொருவர். கழுத்தைப் பார், கூழைக்கடாவுக்குப் பை தொங்கும் என்று மூன்றாமவர் அவரைத் திருத்தினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நம்பிக்கை வரட்டும் என்று எண்ணி, பையிலிருந்து முத்திரை குத்திய அனுமதிக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அதோடு பேச்சு நின்றது. ஒருவர் பீடி பற்றவைக்கப் போனார். மற்றவர்களுக்கு வலையில் திடீரென்று நிறைய ஓட்டைகள் தெரிந்தன. என்ன தவறு செய்தேன் என்று புரியாமலே திரும்பி நடந்தேன்.

புள்ளிகளில் ஒரு தொல்லை உண்டு. அவை மணிக்கணக்கில் தாமதமாகத்தான் வரும். பகல் உணவு நேரத்தில், காலை எட்டரை மணிக்குப் பறவை மயிலாப்பூர்க் குளத்துக்கு அருகே ஒரு தெருவில் இருந்ததாகச் செய்தி வந்தது. ஓடினேன். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலில் ஒரு மாமி கொத்தமல்லி வாங்கிக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

"இதுவா? தினமும் எங்காத்து மொட்டை மாடிக்கு வந்துண்டிருக்கே! வடாம் காயப்போட்டா விடறதில்லே."

நான்கு மாடி ஏறினோம். மாமி பேசிக்கொண்டே ஏறினார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே ஏறினேன். மேலே தண்ணீர்த் தொட்டியின் மீது அண்டங்காக்கை ஒன்று உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

"பாத்தேளா, எவ்வளவு கறுப்பு!" என்றார் மாமி பெருமையாக. காபி குடிக்காமல் போகக் கூடாது என்றார். குடித்தேன். எங்கள் ஊர்க் கோப்பியைவிடக் கசப்பு குறைவு, நுரை அதிகம்.

இரண்டாம் நாள் தியாகராய நகர். புள்ளி காட்டிய இடம் துணிக்கடைகள் நிறைந்த தெரு. அங்கே என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. கூட்டம் தூக்கிக்கொண்டு போனது. கடை வாசலில் நின்ற ஒருவர் கையைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் படத்தைக் காட்டினேன். "மூணாவது மாடிக்குப் போங்கக்கா. பறவை டிசைன் எல்லாம் அங்கதான்" என்றார். மறுத்துச் சொல்லத் தெம்பில்லாமல் மூன்றாவது மாடி வரை போய்விட்டுத்தான் இறங்கினேன்.

அடுத்த புள்ளி அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனைக்கு எதிரே. அங்கே போய்ச் சேர்ந்தபோது அதுவும் பழைய செய்தியாகியிருந்தது. தலையில் துண்டு கட்டிய பெண்கள், கோப்புகளைப் பிடித்துக்கொண்டு கூட வந்தவர்கள், ஆந்திராவிலிருந்து வந்து நடைபாதையில் பாய் விரித்திருந்த ஒரு குடும்பம். இவர்கள் நடுவில் நின்றுகொண்டு பறவையைப் பார்த்தீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் எல்லா நாட்களின் புள்ளிகளையும் மணிவாரியாக எழுதிப் பார்த்தேன். காலை எட்டரைக்கு மயிலாப்பூர். பத்து மணிக்கு இந்த மருத்துவமனை. மதியம் தியாகராய நகர். மாலை மறுபடி மயிலாப்பூர். இருட்டும் முன் சாந்தோம். ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாளும் தவறவில்லை.

ஹாலிமை அழைத்தேன். "யாரோ பறவையைக் கூண்டில் வைத்துத் தினமும் ஊர் சுற்றுகிறார்கள்" என்றேன்.

"எதற்கு?"

"தெரியவில்லை. இங்கே கிளியை வைத்து ஜோசியம் பார்ப்பார்கள்."

"இந்தப் பறவையை வைத்தா?" என்றார் அவர். ஆணின் கைநீளத்துக்கு இருக்கும் ஒரு பறவை ஜோசியச் சீட்டு எடுப்பதை நானும் கற்பனை செய்து பார்த்தேன். முடியவில்லை. இரண்டு நாளாக என்னைச் சுற்றி நூற்றுக்கணக்கான மஞ்சள் ஆட்டோக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஏறி இறங்கியும், அந்த நேரத்தில்கூட என் புத்திக்கு எட்டவில்லை.

மூன்றாம் நாள் புள்ளிக்காகக் காத்திருக்காமல், எட்டு மணிக்கே மயிலாப்பூரில் அந்தத் தெருவுக்குப் போய் நின்றேன். முதல் நாள் மாமி வீட்டு அவசரத்தில் கவனிக்காமல் விட்ட பள்ளிக்கூட வாசல் எதிரே இருந்தது. எட்டரைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சீருடைப் பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். ஓட்டியது ஒரு பெண். காக்கிச் சட்டை, காதில் சிறு கம்மல், முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை ஒட்டி மாதா சொரூபம். அதன் கழுத்தில் ஒரு மாலை மாதிரி, வெள்ளை வாரோடு, எங்கள் கருவி தொங்கியது.

நான் ஓடிப்போய் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "இது என்னுடையது" என்று சொல்ல நினைத்து, "இது நான் தைத்தது" என்று உளறினேன்.

அந்தப் பெண் பதறிவிட்டார். "இன்னாக்கா இது? கேமராவா? போலீசா நீங்க? சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. வெயில்ல பளபளன்னு கீதேன்னு மாட்டுனேன்."

"பறவை எங்கே?"

"செத்துப்போச்சி" என்றார், நான் கேட்டு முடிப்பதற்குள்.

என் முகம் எப்படி ஆனதோ தெரியாது. அவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்து ஆட்டோவில் உட்காரவைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவர் பெயர் ஸ்டெல்லா. மருத்துவமனைக்குத் தினமும் ஊசி போட்டுக்கொள்ளப் போகும் ஒரு அம்மாவை அன்று வேறு ஆட்டோவில் அனுப்பிவைத்து, தியாகராய நகர்த் துணிக்கடைச் சவாரியையும் விட்டுவிட்டு, என்னைச் சாந்தோமில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு அழைத்துப்போனார். இரட்டை இழைதான் கொன்றது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் சூசை, கடலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். ஸ்டெல்லா வாசலிலேயே விஷயத்தைச் சொன்னார். அவர் தங்கையை முறைத்தார்.

"செத்துப்போச்சின்னா சொன்ன? ஏன்டி, அது பறந்து போச்சி!"

"பின்ன இன்னா சொல்றது? லெட்டர் வச்சிக்கினு ஒரு அம்மா கேட்டுக்கினு கீதுன்னு முந்தாநேத்தே கரையில பேசிக்கினாங்க. பட்சிய வூட்ல வச்சா கேசு, உள்ள போட்டுடுவாங்கன்னு உன் போட்டுல வர்ற வேலு சொன்னான். செத்துப்போச்சின்னா யாரும் தேட மாட்டாங்கல்ல?"

என் முத்திரைக் கடிதத்தின் வேலை அது என்று அப்போதுதான் விளங்கியது. யார் மீதும் வழக்குப் போட வரவில்லை, பறவைக்கு என்ன ஆனது என்று தெரிந்தால் போதும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சூசை நார்க்கட்டிலைத் தட்டிப்போட்டு உட்காரச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"புயலு உட்ட மறுநாள் காலைல போய்ப் பாக்குறேன், என் போட்டு மேல குந்திக்கினு கீது. நா கிட்ட போறேன், பறக்கல. ஒரு பக்கத்து ரெக்க தூக்கவே முடியல. பாத்தா இந்த வாரு நழுவி ரெக்க மேல ஏறி இறுக்கிக்கினு கீது. அடியில சதை புண்ணாயிட்ச்சி. இயுத்துப் பாத்தேன், அறுவல. வலை அறுக்குற கத்திய வச்சி அறுத்தேன். கைய கொத்திட்ச்சி, தோ." மணிக்கட்டில் காயம் இன்னும் ஆறவில்லை.

"வலை வைக்கிற ரூம்ல மூணு நாள் வச்சிருந்தோம். போட்டு எறங்கல, மீனு ஏது? மார்க்கெட்ல போயி ஐஸ் மீனு வாங்கியாந்தேன். மீன்காரன் ஐஸ் மீனு வாங்குறான்னு ஊரே சிரிச்சிது. மொத நாளு தொடவே இல்ல. அப்பால நெத்திலி துன்னுச்சி. மூணாவது நாளு ரெண்டு ரெக்கையும் விரிச்சிது. ரூம்பு பத்தல. மணல்ல வுட்டா எழும்பத் தெரில, தத்தித் தத்தி வியுது. இதுக்குக் காத்து வோணும்னு தோணுச்சி. போட்டுல இட்டுகினு போயி, அலை தாண்டி, காத்துக்கு எதிரா தூக்கி வுட்டேன்."

"பறந்ததா?"

"பறந்துச்சி."

"பார்த்தீர்களா?"

"போட்டு வேலு ஓட்டுனான். வீடியோ எடுத்தான், பாக்குறீங்களா?"

சூசையின் கைப்பேசியில் அந்தப் படம் இருந்தது. சில நொடிகள்தான். படகு குதிக்கிறது. சூசை எழுந்து நிற்கிறார். அவர் கையில் கறுப்பாக, பெரிதாக, செம்பட்டைத் தலையோடு அது இருக்கிறது. என் குஞ்சு. அவர் தூக்கி விடுகிறார். பறவை ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீரை நோக்கி விழுகிறது. படம் ஆடுகிறது. வானம், படகின் விளிம்பு, வேலுவின் விரல். இருட்டான திரையில் வேலுவுடைய கூச்சல் மட்டும் கேட்கிறது: "போச்சி! போச்சி! போச்சி!" அதோடு முடிந்துவிடுகிறது.

மறுபடி போட்டுப் பார்த்தேன். பிறகு மறுபடி. "போச்சி என்றால்? பறந்து போய்விட்டது என்கிறாரா, அவ்வளவுதான் போச்சு என்கிறாரா?"

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரெண்டும்தான்" என்றார் ஸ்டெல்லா. சூசை கோபப்பட்டார். "மொதல்ல வியுறாப்பல போச்சி. அப்பால தண்ணி மேலேயே தேச்சிக்கினு போயி எழும்பிட்ச்சி. என் கண்ணால பாத்தேன்." வேலுவிடம் கைப்பேசியில் கேட்டார். ஒலிபெருக்கியில் வேலுவின் குரல் வந்தது: "அலையில நா எங்க பாத்தேன்? நா போட்ட பாத்துக்கினு இருந்தேன். வியுந்துட்ச்சின்னுதான் கத்துனேன். நீதான் பறந்துச்சின்ன."

ஸ்டெல்லா ஆட்டோவிலிருந்து கருவியைக் கழற்றி என் மடியில் வைத்தார். வாரைத் திருப்பிப் பார்த்தேன். தோள்பக்கம் கத்தியால் சுத்தமாக அறுபட்டிருந்தது. நெஞ்சில் சேரும் இடத்தில் என் தையல் அப்படியே இருந்தது, இரட்டை இழை. உப்பில் ஊறி, இறுகி, ஒரு இழைகூட நையாமல். அதில் ஒட்டியிருந்த கறுப்புத் தூவியை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

சூசையிடம் சொல்லிவிட்டேன். ஹாலிமிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன். ஒற்றை இழையாக இருந்தால் நீங்கள் இழுத்தபோதே அறுந்திருக்கும். அதற்கு முன்னால், கடலிலேயே அறுந்திருக்கும். பறவை கரைக்கே வந்திருக்காது.

அவர் தையலை விரலால் தடவிப் பார்த்தார். வலை தைக்கும் விரல்கள். "நல்லாத்தான் தச்சிக்கீறீங்க" என்றார். அதில் கேலி இல்லை. பிறகு, "மறுபடியும் ஒண்ணுக்கு மாட்டுவீங்களா?" என்று கேட்டார்.

"மாட்டுவோம். மாட்டாவிட்டால் அவை எங்கே போகின்றன என்று தெரியாது."

"தெரிஞ்சி?"

"எந்தக் கடலில் சாகின்றன, எதில் மாட்டிச் சாகின்றன என்று தெரிந்தால் அங்கே ஏதாவது செய்யலாம்."

"இது எதுல மாட்டிக்கிச்சி?"

ஸ்டெல்லா சங்கரா வறுத்துக்கொண்டுவந்து வைத்தார். பசி இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. சாப்பிட்டேன்.

அன்று மாலை விடுதியிலிருந்து ஹாலிமை அழைத்தேன். கருவி கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி. "பறவை உயிரோடு இருக்கிறதா, இல்லையா?" என்றார். தெரியவில்லை என்றேன். "அப்படியானால் வார் தானாகக் கழன்றது என்று எழுதிவிடு. அடுத்த பருவ அனுமதி கேட்கப் போகிறோம்" என்றார். நான் தையலைப் பற்றிச் சொன்னேன். அவர், "நடந்ததை எழுது" என்று மட்டும் சொன்னார்.

எழுதினேன். அடுத்த பருவத்தில் தீவில் எந்தக் குஞ்சுக்கும் வார் கட்டவில்லை. தையல் பற்றிய வழிமுறையைத் திருத்தி எழுதும் வேலை எனக்கே வந்தது. தைத்து முடித்ததும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சேர்த்தேன். பறவையின் முடிவு என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று போட்டேன்.

சென்னையிலிருந்து திரும்பி ஒரு மாதம் கழித்துச் சூசையிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. கடல், வானம், வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. பெரிதாக்கினேன். பெரிதாக்க ஆக்கக் கட்டம் கட்டமாகச் சிதறியது. ஃபிரிகேட்டாக இருக்கலாம், பருந்தாகவும் இருக்கலாம். ஹாலிமிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் போட்டுக்கொண்டும் பார்த்தார். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னது சரி.

என்ன பதில் போடுவது என்று தெரியாமல், "அதுதானா என்று தெளிவாகத் தெரியவில்லையே" என்று எழுதினேன்.

உடனே சூசையின் குரல்பதிவு வந்தது. பின்னால் என்ஜின் சத்தமும் காற்றும். "நல்லா பாருங்கம்மா. முதுவுல வாரு இல்ல."